இல்லாததைக் கொண்டு இருப்பதை அளந்தவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் அடைந்த பெருவளர்ச்சிக்கு இருப்புப்பாதையே அடிப்படை என்று வரலாற்றறிஞர் பலர் கருதினர். இருப்புப்பாதை பரவிய காலத்திலேயே நாட்டின் வளமும் பெருகியது. எனினும், இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தமையால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடுமா? இவ்வினாவை எண்களைக் கொண்டு ஆராய்ந்தவர் இராபர்ட் ஃபோகல்.

1926ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த ஃபோகல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், தேசிய வருமானத்தை அளவிடுவதில் வல்லவரான சைமன் குஸ்னெட்ஸிடம் பயின்றார். யூனியன் பசிபிக் இருப்புப்பாதையைப் பற்றிய அவரது முதல் நூல் 1960இல் வெளிவந்தது. 1964இல் வெளிவந்த, அமெரிக்க இருப்புப்பாதைகளையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றிய நூலே அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

அந்நூலில் அவர் 1890ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டார். அவ்வாண்டில் இருப்புப்பாதையே இல்லாதிருந்தால் விளைபொருள்கள் எவ்வாறு சந்தையை அடைந்திருக்கும் என்று வினவினார். ஆறு, கால்வாய், குதிரை வண்டி ஆகியவையே அப்போது துணை. படகுக் கட்டணம் குறைவு. ஆயினும் பயணம் மெதுவானது. குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்துவிடும். அதனால் கிடங்குகளில் மிகுதியான சரக்கைத் தேக்கிவைக்க நேரும். வழியில் சரக்குச் சேதமும் உண்டாகும். இவை அனைத்தையும் அவர் செலவாகக் கணக்கிட்டார். இருப்புப்பாதை இல்லையெனில் மக்கள் வாளாவிருந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 5,000 மைல் நீளத்துக்குப் புதிய கால்வாய்களை வெட்டியிருக்க இயலும் என்றும் காட்டினார்.

இருப்புப்பாதையால் மிச்சமான இச்செலவைச் 'சமூகச் சேமிப்பு' என்பர். வேளாண் பொருள்களைப் பொறுத்தவரை, அது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதே அவர் கண்ட முடிவு. இருப்புப்பாதை பயனற்றது என்பது இதன் பொருளன்று. அஃது இல்லாமலும் வளர்ச்சி நிகழ்ந்திருக்கும் என்பதே பொருளாகும்.

இம்முடிவைப் பலர் மறுத்தனர். தொழிற்சாலைகளும் நகரங்களும் அமையும் இடங்களையே இருப்புப்பாதை மாற்றியதனை இக்கணக்கு முழுமையாக அளக்கவில்லை என்றனர். இம்முறையைப் பிற நாடுகளுக்குப் பொருத்திப் பார்த்தவர்களும் உண்டு. படகு செல்லத்தக்க ஆறுகள் குறைந்த மெக்சிகோவை ஆராய்ந்த ஜான் கோட்ஸ்வொர்த், அங்கு இருப்புப்பாதையால் விளைந்த சேமிப்பு மிகப் பெரிது எனக் கண்டார். ஒரு கருவியின் மதிப்பு, அதற்கு மாற்றாக அந்நாட்டில் எது இருந்தது என்பதைப் பொறுத்தது என இதனால் விளங்கியது.

பொருளியல் கோட்பாட்டையும் புள்ளியியலையும் வரலாற்றாய்வில் பயன்படுத்தியமைக்காக 1993இல் டக்ளஸ் நார்த்துடன் இணைந்து ஃபோகல் நோபல் பரிசு பெற்றார். பிற்காலத்தில் மக்களின் உணவு, உடல்நலம், வாழ்நாள் ஆகியவற்றின் வரலாற்றை ஆராய்ந்த அவர், 2013இல் மறைந்தார். பலரும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கருத்து மெய்யாகிவிடாது. அதனையும் அளந்தறிதல் வேண்டும் என்பதே அவரது ஆய்வு வாழ்வு உணர்த்தும் உண்மையாகும்.