வாசகர் கடிதமும் ஆய்வுச் சான்றுதான்

அறிவியல் புனைகதை ரசிகர் மாநாடுன்னா வேஷம் கட்டிய கூட்டமும் கையெழுத்து வாங்கும் வரிசையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். பக்கத்து அறையில ஒருத்தர் ஆய்வுக் கட்டுரை வாசிப்பார்னு சொன்னா நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1977-ல் தொடங்கிய 'விஸ்கான்' அப்படிப்பட்ட மாநாடு. பெண்ணிய அறிவியல் புனைகதையும் ஃபேன்டஸியும்தான் அதன் மையம். அதில் கல்வித்துறை அமர்வுகளுக்குத் தனி இடம் உண்டு. பேராசிரியர், மாணவர் மட்டுமில்லை, எந்தக் கல்லூரியையும் சேராத தனி ஆய்வாளரும் அங்கே கட்டுரை வாசிக்கலாம். கேட்பவர்களில் அந்த நாவலை வரிவரியாகப் படித்த ரசிகர்கள் இருப்பார்கள். சில சமயம் எழுதியவரே உட்கார்ந்திருப்பார். மழுப்ப முடியாது!

இந்த ஆய்வுக்கு ரசிகர்கள் ஏன் தேவை? மூலச் சான்றுகள் அவர்களிடம்தான் இருந்தன.

1975-ல் ஜெஃப்ரி ஸ்மித் என்ற ரசிகர் 'கத்ரு' என்ற தன் சிற்றிதழில், அறிவியல் புனைகதையில் பெண்கள் பற்றி தபால் வழியாக ஒரு விவாதம் நடத்தினார். உர்சுலா லெ குவின், ஜோவான்னா ரஸ், சாமுவேல் டெலானி எல்லாம் கலந்துகொண்டார்கள். ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற 'ஆண்' எழுத்தாளரின் கருத்துகள் அங்கிருந்த பெண்களுக்கு எரிச்சலூட்டின. அடுத்த ஆண்டே உண்மை தெரிந்தது. டிப்ட்ரீ என்பது ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்ணின் புனைபெயர். சில பிரதிகளே அச்சான அந்த இதழை யாராவது எடைக்குப் போட்டிருந்தால் இந்த வரலாறே கிடைத்திருக்காது.

ஜஸ்டின் லார்பலெஸ்டியர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு நூலுக்கு, பழைய அமெரிக்கப் பத்திரிகைகளின் வாசகர் கடிதப் பக்கங்கள் முக்கியமான ஆதாரம். கதைகளில் பெண்கள் எதற்கு என்று இளம் ஐசக் அசிமோவ் 1930-களின் கடைசியில் எழுதிய கடிதங்கள் அப்படித்தான் மறுபடி பேசப்பட்டன. 2009-ல் ஹெலன் மெரிக், ரசிகர் இதழ்களையும் சேர்த்து இன்னொரு வரலாறு எழுதினார்.

சரி, நம்ம பக்கம்? ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' முதலில் அச்சானது மெட்ராஸில். கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' 1905-ல் அதை வெளியிட்டது. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தை ஆயுதமாக்கி நாட்டைக் காக்கும் கதை. சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'ஹெர்லேண்ட்' வந்ததோ 1915-ல். அமெரிக்காவின் ஃபெமினிஸ்ட் பிரஸ் 1988-ல் ரொக்கையாவின் கதையைப் பதிப்பித்த பிறகுதான் உலக வகுப்பறைகளுக்கு அது பரவலாகப் போனது.

அறிவியல் புனைகதை ஆய்வுக்கென்று வேலூரில் 1998-ல் ஒரு சங்கம் தொடங்கியது. ஆக, கட்டுரை வாசிக்கும் மேடை தமிழ்நாட்டுக்குப் புதுசில்லை. குறை வேறு இடத்தில் இருக்கு.

நம் வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து பைண்டு பண்ணி வைப்பார்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் வந்தபோதும் அப்படிச் சேர்த்தவர்கள் உண்டு. நிலா என்ற பெண்தான் அதன் நாயகி. பைண்டில் கதை தப்பித்தது. அந்தந்த வாரத்து வாசகர் கடிதங்கள் மீதிப் பக்கங்களோடு பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. நிலாவைப் பற்றி அன்றைய சேலத்து, நாமக்கல் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று நாளைக்கு ஒருவர் ஆராய நினைத்தால், அவருக்குக் கதை கிடைக்கும், வாசகி கிடைக்கமாட்டாள்.

அதனால, உங்க வீட்டுப் பரணில் முழு இதழ்கள் இருந்தால் கிழிக்காதீங்க. கடிதப் பக்கத்தையும், இதழின் தேதி தெரியும்படி அட்டையையும் ஸ்கேன் பண்ணி வெச்சிடுங்க. இந்த வேலைக்கு டாக்டர் பட்டம் தேவையில்லை.