குழாயில் வருவது கடல் தண்ணி... மிச்ச உப்பு எங்கே போகுது? சட்டம் சொல்வது என்ன?

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர், வேளச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு பழகிப்போன ஒன்று: 'நெம்மேலி நிலையத்தில் பராமரிப்புப் பணி, குடிநீர் விநியோகம் நிறுத்தம்.' வீட்டு சம்ப்பில் விழும் தண்ணீரில் ஒரு பங்கு கடலில் இருந்து வருகிறது என்பதே அப்போதுதான் பலருக்கு ஞாபகம் வரும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, மயிலாப்பூரிலும் தி.நகரிலும் லாரி தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. கடல்நீர் ஆலைகள் வேண்டாம் என்று சென்னையில் சொல்வது கஷ்டம். ஆனால் குடிநீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உப்புநீர் எங்கே போகிறது, அதை யார் அளக்கிறார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேச்சே இல்லை.

எவ்வளவு உப்புநீர்?

வீட்டு ஆர்.ஓ. மெஷினைப் பாருங்கள். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும், 'வேஸ்ட் வாட்டர்' ஒரு சின்னக் குழாய் வழியாக சிங்க்கில் போகும். நெம்மேலியில் நடப்பதும் அதேதான், அளவுதான் ரொம்பப் பெரியது. தோராயமாக இரண்டரை லிட்டர் கடல்நீர் எடுத்தால் ஒரு லிட்டர் குடிநீர் கிடைக்கும். மீதி ஒன்றரை லிட்டர், கிட்டத்தட்ட இரு மடங்கு உப்போடு, மறுபடியும் கடலுக்கே போகும்.

மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் திறக்கப்பட்ட ஆலைகள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் திறனில் இன்னொரு ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே பேரூரில், ஜப்பானின் ஜைக்கா நிதியுதவியோடு 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்ட்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. நான்கும் முழுத் திறனில் ஓடினால் குடிநீர் 75 கோடி லிட்டர். மேலே சொன்ன கணக்குப்படி, கடலுக்குத் திரும்பும் உப்புநீர் தினமும் 100 கோடி லிட்டரைத் தாண்டும்.

அடர்த்தியான உப்புநீர் மிதக்காது, அடியில் போய்ப் படியும். அலை நன்றாகக் கலக்கும் இடத்தில், கரையை விட்டுத் தள்ளி, பல துவாரங்கள் வழியாகப் பீய்ச்சினால் சீக்கிரம் கரையும். இல்லையென்றால் தரையோடு வாழும் நண்டு, சிப்பி, மீன் முட்டைகளுக்குப் பாதிப்பு. கடலில் கொட்டுவது என்பதைவிட, எங்கே, எப்படிக் கொட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

எந்தச் சட்டம் பார்க்கிறது?

இங்கதான் சிக்கல். பெரிய திட்டம் என்றாலே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றுதான் நினைப்போம். ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்ற தனிப் பிரிவே கிடையாது. அதனால் அந்த அறிவிக்கை சொல்லும் கட்டாயக் கருத்துக்கேட்பும் இதற்கு வராது.

இதற்கான வழி சி.ஆர்.இசட். எனப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்கும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனைகளோடு அனுமதி தரும். அதோடு 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கட்டுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவுகளும் வேண்டும்.

சரி, கடலில் விடும் கழிவுநீர் எப்படி இருக்கணும்? 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் பொதுத் தரநிலைப் பட்டியல் இருக்கிறது. எல்லாத் தொழிற்சாலைக்கும் பொதுவானது. கடலோரத்துக்கு அது சொல்வது: அமில-காரத் தன்மை 5.5 முதல் 9 வரை, தொழிற்சாலைக் கழிவுநீரில் மிதக்கும் துகள்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், மிச்சக் குளோரின் 1 மில்லிகிராம், கடல்நீரைவிட 5 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. குளோரினும் துகளும் ஆலைக்குப் பொருந்தும், கடல்நீரைச் சுத்தப்படுத்தும்போது அவையும் சேர்ந்துதான் வெளியே வரும்.

ஆனால் உப்புக்கு? கடலோரப் பகுதிக்கு எண்ணே இல்லை. ஆலையில் இருந்து வெளியேறுவதில் பெரும்பங்கு எதுவோ, அதற்குப் பொது வரம்பு கிடையாது. திட்டத்துக்குத் திட்டம் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனை போடலாம், அவ்வளவுதான்.

திருப்பூரில் ஒரு நியாயம்...

இதே உப்புக்காகத்தான் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நொய்யலுக்கு ஒரு சொட்டுக் கழிவுநீரும் போகக் கூடாது என்பதுதான் நிபந்தனை. உள்நாட்டு நீர்நிலைகளில் விட, கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று தமிழ்நாட்டில் வரம்பு உண்டு.

கடலுக்கு அதை அப்படியே வைக்க முடியாது என்பது உண்மைதான். கடல்நீரிலேயே லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதுவும் வங்கக் கடலில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் குறையும், கோடையில் ஏறும். எனவே 'இத்தனை கிராம்' என்று சொல்வதைவிட 'சுற்றியுள்ள கடலைவிட இத்தனை அதிகம்' என்று சொல்வதுதான் சரிவரும். அமெரிக்காவின் கலிபோர்னியா 2015-ல் அதைத்தான் செய்தது: கழிவுநீர் வெளியேறும் இடத்தில் இருந்து 100 மீட்டருக்கு அப்பால், இயல்பான உப்பளவைவிட ஆயிரத்தில் 2 பங்குக்கு மேல் கூடக் கூடாது. நம்ம ஊருக்கு இப்படி ஒன்றை எழுத பெரிய விஞ்ஞானம் தேவையில்லை.

நெம்மேலி ஆலையை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் வருஷக்கணக்கில் சொல்லி வரும் புகார் வேறு மாதிரி. ஆலை வந்த பிறகு கரை அரிக்கிறது, படகு நிறுத்த இடமில்லை என்கிறார்கள். அடையாறில் குழாயைத் திறப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

மக்கள் என்ன கேட்கலாம்?

சி.ஆர்.இசட். அனுமதி பெற்றவர்கள் நிபந்தனைகளைப் பின்பற்றியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். அதைப் பொதுவெளியில் வெளியிட வேண்டும். யார் விண்ணப்பித்தாலும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் நகல் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கேட்பவர் மீனவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டியதில்லை. நகல் கைக்கு வந்தால் முதலில் இரண்டைப் பாருங்கள்: உப்பளவை எந்த மாதத்தில் அளந்தார்கள், குழாய் வாயில் இருந்து எத்தனை மீட்டர் தள்ளி அளந்தார்கள்.