கையறு துயரும் உருவகமும்

இறந்தாரை நினைந்து அழுதலை ‘ஒப்புச் சொல்லி அழுதல்’ என்பது நம் நாட்டு வழக்கு. ஒப்பாரி என்னும் சொல்லும் ஒப்பு, அழுகைப் பாட்டு என்னும் இருபொருளும் தருவதாகும். துயர் மிக்கவிடத்து மாந்தர் நேர்மொழியை விடுத்து ஒப்புமொழியை நாடுவது ஏன்? துயராற்றும் உளமருத்துவம் தனித்துறையாக வளர்ந்துள்ள இந்நாளில் இவ்வினா இலக்கிய மாணவர்க்கும் உரியதே. உவமையின் வேறாக உருவகத்தைத் தனி அணியாக வகுப்பது தண்டியலங்காரம். ஈண்டு அவ்விரண்டனையும் ஒருங்கே கொள்கின்றோம்.

ஈமத்தாழி வனையும் குயவனை விளிக்கும் புறநானூற்றுப் பாட்டுகள் இரண்டினை எடுத்துக்கொள்வோம். 228ஆம் பாட்டு, சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அவனை அடக்கும் தாழி வேண்டுமாயின் நிலவுலகே குயவனின் சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் அமைதல் வேண்டும். இது குயவனுக்கு இயலுமோ என இரங்குகின்றார் புலவர். இழப்புப் பெரிது என்று அவர் வாளா கூறினாரல்லர். அதனை அளக்க ஒரு கலத்தைக் காட்டி, அக்கலம் வனைதற்கு அரிது என்றார். எல்லையின்றி நின்ற துயரம் இதனால் ஒரு வடிவு பெறுகின்றது. பிறன் ஒருவன்பால் இரக்கமாகவும் மாறுகின்றது.

256ஆம் பாட்டின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. கணவனை இழந்தாள் ஒருத்தி, வண்டிச் சக்கரத்தின் ஆரத்தைப் பற்றிக்கொண்டு நெடுவழி வந்த சிறு வெண்பல்லியோடு தன்னை ஒப்பிடுகின்றாள்; தனக்கும் இடம் அமையுமாறு தாழியை அகலமாக வனைக என வேண்டுகின்றாள். வண்டி சென்ற வழியே பல்லியின் வழி. அவள் வாழ்ந்த வாழ்வு முழுவதும் அச்சிற்றுயிரில் அடங்கிவிட்டது.

இவ்வுருவகங்கள் துயருற்றார் தாமே கண்டவை. ‘காலமே மருந்து’ என்று ஆறுதல் கூறுவோர் அளிப்பது பிறர் உருவகம். அறிஞர் கொள்கையும் இதற்கு விலக்கன்று. சாவை எதிர்நோக்கிய நோயாளர்தம் மனநிலைகளை எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் ஐந்து நிலைகளாக விளக்கினார். அவை பின்னர் இழந்தார் துயருக்கும் ஏற்றப்பட, ‘யான் இன்னும் அடுத்த படி ஏறவில்லையே’ எனத் துயருற்றார் தம்மையே நொந்துகொள்ள இடமாயிற்று. 1982இல் வில்லியம் வோர்டன், துயருற்றார் ஆற்றவேண்டிய பணிகள் நான்கு என்றார். படி என்பதும் பணி என்பதும் உருவகங்களே.

எனவே துயராற்றுவார் தம் உருவகத்தைத் திணித்தல் தகாது. துயருற்றார் உருவகத்துள் தாமும் புகுந்து வினவுதல் வேண்டும். ‘வண்டி நின்றுவிட்டது, பல்லி இப்போது எங்கே உள்ளது?’ என்னும் ஒரு வினா, பல அறிவுரைகளினும் பயன்தரும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டப்படும். தாழியில் இடம் கேட்பவள் அணிநயத்திற்காக மட்டும் கேட்கின்றாளல்லள். உடன்மாயும் விருப்பமும் அவள் சொல்லில் உண்டு. பாட்டைக் கற்கும் நாம் அதன் அழகில் தோய்ந்து நிற்கலாம். உயிருள்ள ஒருவர் நம்முன் அமர்ந்து அவ்வாறு கூறின், ‘சாக எண்ணுகின்றீரோ?’ என நேர்மொழியில் கேட்டலே கடன். கேட்டபின் அவரைத் தனியே விடாது உதவிக்கு உரியாரிடம் சேர்த்தலும் கடன்.

ஆகவே, உருவகம் துயரைத் தீர்ப்பதன்று. சொல்லற்கரிய துயரைப் பிறர் கேட்குமாறு செய்வது. அதன் பயன் கேட்பவர் செவியைப் பொறுத்தது என்பது இவ்விரு பாட்டுகளாலும் பெறப்படும்.