‘எனக்கென்ன குறை, தம்பி?’

“எப்படி இருக்கீங்க பாட்டி?” என்று கேட்டுப் பாருங்கள். “எனக்கென்ன குறை, தம்பி? மவராசியா இருக்கேன்” என்பார். பக்கத்தில் மருமகள் நின்றால் பதில் இன்னும் வேகமாக வரும். முழங்கால் வலியும், மங்கிய கண்ணும், நாள்கணக்கில் போன் செய்யாத மகனும் அந்த ஒரு வரிக்குள் மறைந்துவிடும். அதை அப்படியே அட்டவணையில் ஏற்றினால், நம் முதியவர்கள் எல்லோரும் நலம் என்றாகிவிடும்.

இந்தியாவில் முதுமையை விரிவாக ஆராயும் ‘லாசி’ ஆய்வின் முதல் சுற்று 2017-18ல் நடந்தது. மும்பையில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்தியது. 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், அவர்களின் வாழ்க்கைத் துணைகள் என 72,000-க்கும் அதிகமானோரைச் சந்தித்தார்கள். அவர்களில் 31,000-க்கும் மேற்பட்டோர் 60 வயதைத் தொட்டவர்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், கைப்பிடியின் வலுவை அளந்தார்கள், நடக்கவிட்டு நேரம் குறித்தார்கள். இதையெல்லாம் கருவியே சொல்லிவிடும். வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்றும் கேட்டார்கள். அதைச் சொல்லக் கருவி கிடையாது. அவரவர்தான் வாய் திறக்க வேண்டும்.

சொல்வதை எவ்வளவு நம்பலாம்? பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு முரணைக் காட்டினார். ஆயுள் நீண்ட கேரளத்தில்தான் தமக்கு நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், பீகாரில் குறைவு. படிப்பும் மருத்துவமும் எட்டிய இடத்தில் வலிக்குப் பெயர் தெரிகிறது. எட்டாத இடத்தில், “வயசானா அப்படித்தான்” என்று பழகிப்போகிறது.

ஐந்து கேள்விகள்

ஒருவரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று பார்க்கும் சென்னின் சிந்தனையிலிருந்து பிரிட்டனில் பிறந்த அளவுகோல் ‘ஐஸ்கேப்-ஓ’. முதியவர்களுக்கு எது முக்கியம் என்பதை அவர்களிடமே பேசித் தெரிந்துகொண்டு உருவாக்கினார்கள். அன்பும் நட்பும் கிடைக்கிறதா, கவலையில்லாமல் நாளையை நினைக்க முடிகிறதா, நாலு பேர் மதிக்கும்படி ஏதாவது செய்ய முடிகிறதா, சந்தோஷமாகப் பொழுதைக் கழிக்க முடிகிறதா, பிறர் கையை எதிர்பார்க்காமல் இருக்க முடிகிறதா என்பதே அதன் சாரம். உடல்நலத்துக்குத் தனிக் கேள்வி இல்லை. முழங்கால் வலித்தால் கோயிலுக்குப் போக முடியாது, அங்கே பார்க்கும் தோழியோடு பேச முடியாது. வலி பறிப்பதையெல்லாம் இந்தக் கேள்விகள் பிடித்துவிடும்.

நம் வீடுகளில் இதே கேள்விகளை நம் பேச்சில் கேட்க வேண்டும். “உங்க பென்ஷன் பணம் யார் கையில இருக்கு?” “பேத்தி கல்யாணப் பேச்சுல உங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?” “கடைசியா நீங்களா ஆசைப்பட்டு எங்க போனீங்க?” இவற்றுக்கு ‘மவராசியா இருக்கேன்’ பதிலாகாது.

தனியாகவும் கேட்க வேண்டும். திண்ணையில் எல்லோரும் சூழ்ந்திருக்கக் கேட்டுவிட்டு நாம் எழுந்து போய்விடுவோம். பாட்டி இரவுச் சாப்பாட்டுக்கு அதே வீட்டுக்குள்தான் போக வேண்டும்.