வற்ற மறந்த ஏரிகள்

பெங்களூருவிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் ஹெப்பகோடி வந்துவிடும். மேலே மெட்ரோ. கீழே பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு ஆளேற்றிப் போகும் கம்பெனி பஸ்கள், அவற்றுக்கு நடுவே புகுந்து புறப்படும் தண்ணீர் டேங்கர் லாரிகள். ஏப்ரல் மாதம் இந்தப் பக்கம் போர்வெல்கள் கைவிட்டு, டேங்கர்காரர் சொன்னதே விலை என்றாகிவிடும். அதே ஏப்ரலில் சுற்றுவட்டாரத்து ஏரிகள் பலவற்றில் தண்ணீர் தளும்ப நிற்கும். மழை நின்று மாதக்கணக்காகியிருக்கும். இந்த ஏரிகளுக்கு நீர் கொண்டுவர ஆறு எதுவும் கிடையாது. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலத்தின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். பக்கத்தில் வற்றாத ஆறு இல்லாததால்தான் முன்னோர் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை வெட்டி மழைநீரைப் பிடித்து வைத்தார்கள். 1974-இல் காவிரி நீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றப்பட்டு நகருக்கு வரத் தொடங்கியது. அது எட்டாத புறநகர்கள் பூமிக்கடியில் துளைபோட்டு நீரெடுத்தன. வீட்டுக்குள் வரும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குளியலறை, கழிப்பறை, சமையலறை வழியாக வெளியேறிவிடும். மழைநீருக்காக வெட்டிய, ராஜகாலுவே எனப்படும் பெருவாய்க்கால்களில் அது இறங்கி, பள்ளத்தைத் தேடி ஏரிக்குப் போகிறது. சாக்கடை ஆண்டு முழுவதும் ஓடுவதால் ஏரியும் ஆண்டு முழுவதும் நிறைந்திருக்கிறது.

நிறைந்த ஏரியைக் கண்டால் மனம் குளிர்வது நமக்குப் பரம்பரையாக வந்த பழக்கம். ஆனால் இந்தப் பகுதியில் கோடையிலும் வற்றாத ஏரியைப் பார்த்தால் கவலைப்படத்தான் வேண்டும் என்பதே என் கட்சி. அந்த ஏரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

விஷம் கலந்து ஏரி சாகிறது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். சாக்கடை நீர் செய்யும் கெடுதல் வேறு விதமானது: அது ஏரிக்கு அளவுக்கு மீறி ஊட்டுகிறது. நம் உடலிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான பாஸ்பரஸ் வெளியேறுகிறது, பெரும்பகுதி சிறுநீரில். பாஸ்பேட் சேர்த்த சலவைத்தூளாக இருந்தால் துவைத்த தண்ணீரிலும் கொஞ்சம் போகும். நன்னீரில் பாசி வளர வெளிச்சம், கரி, நைட்ரஜன் எல்லாம் தாராளமாகக் கிடைத்துவிடும். பெரும்பாலும் பற்றாமல் போவது பாஸ்பரஸ்தான். 1973-இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றை நடுவில் திரைகட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் கரியும் நைட்ரஜனும் மட்டும் இட்டார். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார். பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சைப் பசேலென்று பாசி பிடித்தது. மற்றது தெளிவாகவே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம், சலவைத்தூளில் பாஸ்பேட் வேண்டுமா வேண்டாமா என்று அப்போது நடந்துகொண்டிருந்த சண்டையையே திருப்பிவிட்டது.

ஒரு கிராம் பாஸ்பரஸ் என்ன செய்யும்? பாசியின் உடலில் சராசரியாக எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்த கணக்கு. அதன்படி ஒரு கிராம் பாஸ்பரஸைக் கொண்டு, காயவைத்த எடையில் நூறு கிராமுக்கு மேல் பாசி வளரலாம். அந்தப் பாசி செத்து அழுகும்போது அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 140 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். காற்றில் அது ஒன்றும் பெரிதில்லை. ஒரு லிட்டர் காற்றில் கால் கிராம் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கிறது. தண்ணீரின் கதை அப்படியில்லை. பெங்களூருவின் உயரத்தில், 25 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் நீர் தன்னுள் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராமுக்கும் குறைவு. ஆகவே 140 கிராம் என்பது ஏறத்தாழ 19,000 லிட்டர் நீரிலுள்ள ஆக்சிஜன் அத்தனையும். ஹெப்பகோடித் தெருக்களில் ஓடும் 6,000 லிட்டர் டேங்கர்களில் மூன்றை நிரப்பினாலும் மிச்சப்படும். இவ்வளவும் ஒரே ஒரு ஆளின் ஒரு நாள் கணக்கு.

பகலில் இது வெளியே தெரியாது. வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மதியம் மூன்று மணிக்கு அளந்தால் நீரில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகவே காட்டும். பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும். பாசி, மீன், பாக்டீரியா எல்லாமே சுவாசிப்பது மட்டும் நிற்காது. இரவு முழுக்கக் கையிருப்பு கரைந்து, விடிவதற்குச் சற்று முன் அடிமட்டத்தைத் தொடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது அந்த நேரத்தில்தான். மீன்வளம் தழைக்க லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது இந்தியாவில் வகுத்திருக்கும் அளவு. அதற்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் ரோகு, கட்லா முதலில் மடியும். காற்றையே நேராகச் சுவாசிக்கத் தெரிந்த விராலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் தாக்குப்பிடிக்கும். 2016 மார்ச்சில் பெங்களூருவின் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அதுபோன்ற காலைகளில் ‘யாரோ மருந்து கலந்துவிட்டார்கள்’ என்ற பேச்சு கிளம்பும். பல சமயம் யாரும் எதையும் கலந்திருக்க மாட்டார்கள். ஒரு இரவின் மூச்சுத்திணறல் போதும்.

இனி ஏரியின் அடிக்குப் போவோம். இந்தக் கதையின் மையம் அங்கேதான் கிடக்கிறது.

சாக்கடை விழும் ஏரியின் ஓரத்தில் ஒரு கைச்சேற்றை அள்ளினால் அது கன்னங்கரேலென்று, வழுவழுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வரும். உள்ளே சிவப்பு நூல் துண்டுகள் போல நெளியும் புழுக்கள் இருக்கலாம். அவை கொசுவின் உறவுக்காரப் பூச்சியின் குஞ்சுகள். ஆக்சிஜன் அருகிய இடத்தில் கிடைப்பதைப் பற்றிக்கொள்ள நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் அவற்றுக்கும் இருக்கிறது. சிவப்பு நிறம் அதனால்தான். அள்ளிய சேற்றை ஒரு தட்டில் பரப்பிக் காற்றுபட வைத்தால் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கருமை மாறிப் பழுப்பாகும். இந்த நிறமாற்றம் ஒரு வேதிவினையின் முகம். நம் செம்மண் நாட்டு ஏரிச் சேற்றில் இரும்பு ஏராளம். ஆக்சிஜன் இருக்கும்வரை அந்த இரும்பு துருவாக இருந்து பாஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் தீர்ந்துபோனால் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் துருவையே கரைத்து மூச்சுக்குப் பயன்படுத்தும். அடுத்துச் சல்பேட்டுக்குப் போகும். வரும் சல்பைடு இரும்போடு கூடி அந்தக் கருப்பை உண்டாக்கும். பிடி தளர்ந்த பாஸ்பேட் மறுபடி நீருக்கு ஏறி அடுத்த சுற்றுப் பாசிக்கு உணவாகும். அதாவது, சாக்கடையை இன்றே அடைத்தாலும் ஏரி தன் பழைய சேற்றிலிருந்து தனக்குத்தானே ஊட்டிக்கொள்ளும்.

பழைய ஏரிகளில் இந்தச் சுழல் ஏன் முற்றவில்லை? அவை வற்றின. கோடையில் சிறிய ஏரிகளின் படுகை வெடித்துக் கிடக்கும். வெடிப்புகள் வழியே காற்று இறங்கும். அழுகல் எரிந்து தீரும். இரும்பு மறுபடி துருவாகிப் பாஸ்பேட்டைப் பூட்டும். அதற்குள் உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வண்டலை வெட்டி வயலுக்கு அள்ளிப் போய்விடுவார்கள். ஏரிக்கு ஆழம் கூடும், வயலுக்கு உரம் சேரும், பாஸ்பரஸ் நீரிலிருந்து நிலத்துக்குத் திரும்பும். ஆண்டுதோறும் ஏரிக்குக் கிடைத்த அந்தப் பட்டினிதான் அதற்கு மருந்தாக இருந்தது. சாக்கடை வந்ததும் பட்டினி போயிற்று.

பெங்களூரு ஏரிகளில் பொங்கும் நுரையும் இதே ஆக்சிஜன் பஞ்சத்தின் பிள்ளைதான். 1950களில் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் மலைமலையாக நுரைத்தன. அன்றைய சலவைத்தூளின் மூலக்கூறு கிளைவிட்டுப் படர்ந்த அமைப்புடையது. பாக்டீரியாவால் அதைக் கடித்துத் தீர்க்க முடியவில்லை. 1960களில் கிளையில்லாத நேர்ச்சங்கிலி மூலக்கூறுக்கு மாறினார்கள். நுரை அடங்கியது. நாம் இன்று துவைப்பதும் அந்த வகையால்தான். ஆனால் பாக்டீரியா அதைச் சிதைக்கவும் ஆக்சிஜன் வேண்டும். மூச்சற்ற ஏரியில் அது சிதையாமல் சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரியை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழகத்தார், நுரைக்கும் பொருள் சேற்றில் பல மடங்கு செறிந்து கிடப்பதையும், பெருமழை வெள்ளம் அந்தச் சேற்றைக் கலக்கிவிட, ஏரியின் வாய்க்கால் வாயில் நீர் உயரத்திலிருந்து விழும்போது காற்றேறி நுரை பொங்குவதையும் காட்டினார்கள். நேற்று யாரோ துவைத்த சோப்பு மட்டுமல்ல, மாதக்கணக்கில் அடியில் சேர்ந்த சோப்பும் ஒரே மழையில் மேலே வருகிறது.

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் தென்பெண்ணை ஆற்றில் சேர்கிறது. ஹெப்பகோடி அடங்கிய ஆனேகல் வட்டத்தின் கிழக்குச் சரிவு ஏரிகளின் நீரும் அதே ஆற்றை நோக்கித்தான் இறங்குகிறது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் அந்த ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நிற்பது ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில். கர்நாடகத்தில் மழை வலுத்த நாட்களில் அணையின் மதகுக்குக் கீழே ஆள் உயரத்துக்கு வெண்நுரை எழுந்து, காற்றில் பிய்ந்து வயல்களின் மேல் விழும் படங்களைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அந்த நீரை நம்பிப் பயிர் வைக்கும் ஓசூர் விவசாயிக்கு நுரை வேடிக்கைப் பொருளல்ல. அவர் செய்யாத தவறு அவர் வாய்க்காலில் வருகிறது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூரில் கடலைத் தொடுகிறது.

ஹெப்பகோடிக்குத் தெற்கே அதே நெடுஞ்சாலையில் சந்தாபுரா. அங்குள்ள ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏரியின் பரப்போ சுமார் 25 ஏக்கர்தான். தொகை பெரிது என்று தோன்றலாம். கெட்டதைச் சரிசெய்யும் வேலையும் அவ்வளவு பெரிது.

ஹெப்பகோடி ஏரிக்கு நல்லது செய்ய முயன்றவர்கள் உண்டு. சுமார் 35 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியைப் பயோகான் அறக்கட்டளை தத்தெடுத்து, செடிகள் நட்ட மிதக்கும் தீவுகளை விட்டது. இத்தகைய தீவுகளில் வேர்கள் நீரில் தொங்கும். அவற்றின்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் கசடை வடிகட்டித் தின்னும். பறவைகளுக்கு இருப்பிடம் கிடைக்கும். பயனுள்ள முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் அதன் எல்லையைக் கணக்கு காட்டிவிடும். செடிகளை வெட்டி எடுப்பதன் மூலம் ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு ஐந்து கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆள் ஆண்டுக்குத் தருவது 400 கிராம். அதை இழுக்கவே 80 சதுர மீட்டர் தீவு வேண்டும், பெங்களூருக்காரர்கள் சொல்லும் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் முக்கால்வாசி. 35 ஏக்கரையும் நீரே தெரியாமல் தீவுகளால் மூடினாலும் 1,800 பேருக்குத்தான் சரியாகும். சுற்றிலும் இருப்பவர்களோ பல்லாயிரம் பேர்.

எனவே முதல் வேலை ஏரிக்கு வெளியேதான். சாக்கடை ஏரிக்குள் நுழையாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு விஷயம் பெரும்பாலும் விட்டுப்போகிறது: வழக்கமான நிலையங்கள் அழுகும் பொருளைப் பிடிப்பதில் கெட்டி, பாஸ்பரஸைப் பிடிப்பதில் பலவீனம். இரும்பு உப்போ படிகாரமோ சேர்த்து அதைப் படியவைக்கத் தனிக் கட்டம் வேண்டும். தெளிந்து வரும் நீரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

அடுத்தது சேறு. சுவீடனின் வெக்ஷோ நகரில் ட்ரம்மன் என்றொரு ஆழமில்லாத ஏரி. 1950களின் இறுதியிலேயே கழிவுநீரை நிறுத்திவிட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தும் ஏரி தேறவில்லை. பாசி பூத்துக்கொண்டே இருந்தது. 1970, 1971 ஆண்டுகளில் அடியிலிருந்த கருஞ்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் நீர் தெளிந்தது. எடுத்த சேற்றை உலர்த்திப் பூங்காக்களுக்கும் புல்வெளிகளுக்கும் மண்ணாகப் பயன்படுத்தினார்கள்.

ஹெப்பகோடிப் பக்கம் அதை அப்படியே செய்துவிட முடியாது. தொழிற்பேட்டைகளின் நடுவே இருக்கும் ஏரியின் சேற்றில் ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு. காற்றுப்படாத கருஞ்சேற்றில் சல்பைடு அவற்றைக் கட்டிப்போட்டிருக்கும். வெளியே எடுத்துக் காயப்போட்டால், தட்டில் கருமை பழுப்பாக மாறிய அதே வினையில் அந்தக் கட்டு அவிழ்ந்து, உலோகம் மண்ணுக்கும் கீரைக்கும் போகும். ஆகவே தூர்வாருவதற்கு முன்பே படுகையின் பல இடங்களிலும் பல ஆழங்களிலும் சேற்றைத் துளையிட்டு எடுத்து ஆய்வகத்தில் உலோகங்களை அளக்க வேண்டும். தேறிய சேறு வயலுக்குப் போகலாம். தேறாதது மழைநீர் இறங்காதபடி அடித்தளமிட்டு மூடிய குழிக்குப் போக வேண்டும். ஏரிக்கரையில் குவித்து வைத்தால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து விட்டுவிடும்.