பழைய மடிக்கணினியில் இணையம் ஏன் திறப்பதில்லை?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழைய மடிக்கணினிகளும் உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி உள்ள ஒன்றை இயக்கினால் திரை ஒளிரும், தட்டச்சு செய்யலாம். வங்கித் தளம் மட்டும் திறக்காது. வேகம் போதவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முதல் தடை பாதுகாப்பு ஏற்பாடுதான். பக்கத்தை அனுப்புமுன் தளமும் உலாவியும் டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையில் உடன்பட வேண்டும். அதன் 1.0, 1.1 பதிப்புகளை முன்னணி உலாவிகள் 2020 முதல் கைவிட்டன. வங்கித் தளங்கள் கேட்பது 1.2. எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அது தெரியாது. போதாக்குறைக்கு, மதர்போர்டின் சிறு பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தளத்துக்கு நேற்று வழங்கிய பாதுகாப்புச் சான்றிதழ்கூட ‘இன்னும் தொடங்காதது’ என்று நிராகரிக்கப்படும். தேதியைத் திருத்தினாலே சில தளங்கள் திறந்துவிடும்!

எக்ஸ்பியிலேயே ஃபயர்ஃபாக்ஸ் 52 போடலாமே என்பார்கள். அதற்கு 1.2 தெரியும், பல தளங்கள் திறக்கும். ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018இல் நின்றுவிட்டன. அதில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவது ஆபத்து. 64 பிட் செயலி என்றால் இலகுவான லினக்ஸும் இன்றைய ஃபயர்ஃபாக்ஸும் போடுவதே நல்லது. அதன்பிறகுதான் நினைவகக் கேள்வி வரும், ஏனெனில் இன்றைய பக்கங்கள் ஜாவாஸ்கிரிப்டால் கனத்தவை. 4 ஜிபி ராம் இருந்தால் சில தாவல்களைச் சமாளிக்கலாம். பென்டியம் 3 காலத்து இயந்திரத்துக்கு இந்த வழி பொருந்தாது: அதன் செயலியில் எஸ்எஸ்இ2 கட்டளைகள் இல்லாததால் இன்றைய ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டுமே அதில் ஓடா. டில்லோ போன்ற சிறிய உலாவியில் எளிய பக்கங்களைப் படிக்கலாம்; டில்லோ ஜாவாஸ்கிரிப்டை இயக்காது என்பதால் வங்கி வேலைக்கு உதவாது.