வாங்க, எல் புல்லி அடுப்படிக்குள்ளே ஒரு நடை போய்வரலாம்!

2010 கோடையின் ஒரு மாலை என்று வைத்துக்கொள்வோம். ஸ்பெயினின் கத்தலோனியாக் கடற்கரையில் ரோசஸ் என்ற ஊர். அங்கிருந்து கிளம்பிய டாக்ஸி மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம், கீழே மத்தியதரைக் கடல். வளைவுகள் தீர்ந்ததும் காலா மொன்ஜோய் என்ற சின்னஞ்சிறு குடா, பைன் மரங்கள், நடுவே ஒரு வெள்ளை வீடு. உலகின் தலைசிறந்த உணவகம் என்று ஐந்து முறை பட்டம் வாங்கிய எல் புல்லி இதுதான்! ஒரு பருவத்துக்குச் சுமார் 8,000 பேருக்குத்தான் இடம். கேட்டு எழுதுகிறவர்களோ 20 லட்சம் பேர் என்று அப்போது சொல்லப்பட்டது. நமக்கு மேசை கிடைக்காவிட்டால் போகட்டும், நாம் பார்க்கப் போவது அடுப்படியை.

இங்கே அது ஒன்றும் திருட்டுத்தனம் இல்லை. வருகிற விருந்தினரை முதலில் அழைத்துப்போவதே அடுப்படிக்குத்தான். நுழைந்ததும் ஒரு பெரிய காளைத் தலைச் சிற்பம். அதன் பக்கத்தில் நின்று வரவேற்கிறவர் தலைமைச் சமையல்காரர் ஃபெர்ரான் அட்ரியா. அவருக்குப் பின்னால் நாற்பதுக்கும் மேற்பட்ட சமையல்காரர்கள். சாப்பிட வருகிறவர்கள் ஓர் இரவுக்கு 50 பேர்தான், ஏறக்குறைய ஆளுக்கு ஒரு சமையல்காரர்! பாத்திரம் உருளும் ஓசையோ அதட்டலோ கேட்காது. நடு மேசையைச் சுற்றி நிற்கும் பயிற்சி இளைஞர்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிறார்கள்.

அந்தப் பையனுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள், ஆலிவ் செய்கிறான். ஆமாம், ஆலிவைச் செய்கிறான்! பச்சை ஆலிவை அரைத்துப் பிழிந்த சாற்றில் கொஞ்சம் கால்சியம் உப்பு சேர்த்து, கெட்டிப்படுவதற்குச் சாந்தன் கம்மும் போட்டாயிற்று. முன்னால் ஆல்ஜினேட் கரைத்த தண்ணீர். குழிந்த கரண்டியில் சாற்றை மொண்டு, தண்ணீரை ஒட்டிக் கொண்டுபோய், நிதானமாகச் சாய்க்கிறான். கை நடுங்கினால் உருண்டைக்கு வால் முளைத்துவிடும், அது மேசைக்குப் போகாது. விழுந்த கணமே சாற்றைச் சுற்றி, முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோல் போல ஒரு சவ்வு கட்டுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஓட்டைக் கரண்டியால் அள்ளி, நல்ல தண்ணீரில் அலசி, பூண்டும் ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும் மூலிகையும் ஊறுகிற ஆலிவ் எண்ணெய் ஜாடிக்குள் இறக்குகிறான். பரிமாறுகிறவர் ஜாடியோடு மேசைக்குப் போய், ஒன்றை எடுத்து விருந்தினரின் கரண்டியில் வைப்பார். பார்வைக்கு அசல் ஆலிவ். நாக்கால் லேசாக அழுத்தினால் பொட்டென்று உடைந்து, வாய் முழுக்க ஆலிவின் சாரம்!

ஆல்ஜினேட் என்றதும் ஏதோ ரசாயனம் என்று முகம் சுளிக்க வேண்டாம், அது பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துப் பெண்கள் முங்கிப் பறித்து வருகிற பாசியும் இதற்குப் பயன்படுகிறது.

அந்த மூலையில் புகை! திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. ஒரு ரப்பர் பலூனுக்குள் கோர்கோன்சோலா பாலாடைக்கட்டிக் குழம்பை விட்டு ஊதி, நைட்ரஜனின் மேல் உருட்டுகிறார்கள். உள்ளே இருப்பது உறைந்து ஓடாகிறது. பலூனைக் கிழித்து உரித்தால் வெள்ளை வெளேரென்ற பெரிய உருண்டை, உள்ளே வெறும் காற்று. மேலே ஜாதிக்காயைத் துருவித் தூவி, உடைத்துக் கையால் எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். காற்றின் மேல் இந்த அடுப்படிக்குத் தனிக் காதல். கிரீம் அடிக்கிற சைஃபன் குடுவையில் வெள்ளை பீன்ஸை நுரையாக்கி, கடல் முள்ளெலி ஓட்டில் வைத்து 1994-லேயே பரிமாறியவர்கள் இவர்கள். இன்று எந்த ஊர் நட்சத்திர ஓட்டலில் தட்டில் நுரை வந்தாலும் அதன் பூர்வீகம் இந்தக் குடாதான்.

இவர்கள் தங்களுக்கு என்ன சமைத்துக்கொள்வார்கள் தெரியுமா? சீசர் சாலட், சீஸ் பர்கர், உருளைக்கிழங்கு சிப்ஸ்! கடையில் வாங்கிய பாக்கெட் சிப்ஸை அடித்த முட்டையில் ஊறப்போட்டு ஆம்லெட் செய்வதும் உண்டு. வேலை தொடங்குமுன் ஏறக்குறைய 75 பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இந்தச் சாப்பாட்டுக்குக் ‘குடும்பச் சாப்பாடு’ என்று பெயர். அட்ரியா இதற்கென்றே ஒரு தனிப் புத்தகம் போட்டார். அவருடைய புத்தகங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். மனதை உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: நடு மேசையைச் சுற்றி நிற்கும் அந்த இளைஞர்களுக்குச் சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் மட்டுமே. அவர்களுடைய விரல்கள் இல்லாமல் இந்த மாயம் ஒரு நாள்கூட நடந்திருக்காது.

ஆரம்பம் ரொம்ப எளிமை. ஹான்ஸ் ஷில்லிங் என்ற ஜெர்மன் மருத்துவரும் அவர் மனைவி மார்கெட்டாவும் 1961-ல் மினி கோல்ஃப் நடத்த அனுமதி வாங்கிய இடம் இது. அவர்கள் ஆசையாக வளர்த்த புல்டாக் நாய்களிடமிருந்து வந்த பெயர்தான் புல்லி. 1981-ல் நிர்வாகியாக வந்த ஜூலி சோலேர்தான் பின்னாளில் அட்ரியாவை நம்பி அடுப்படியை ஒப்படைத்தவர். அந்த அட்ரியா? இபிசா தீவுக்கு உல்லாசமாகப் போய்வரக் காசு சேர்க்க, ஓட்டலில் பாத்திரம் கழுவப் போன பையன்! கடற்படைச் சேவையில் கிடைத்த விடுப்பில் 1983-ல் இங்கே பயிற்சிக்கு வந்தார், மறு வருஷம் வேலைக்கே சேர்ந்துவிட்டார். 1990-ல் இருவரும் உணவகத்தை வாங்கினார்கள். 1997-ல் மூன்றாவது மிஷெலின் நட்சத்திரம்.

இந்த வீட்டின் உண்மையான ரகசியம் என்று நான் நினைப்பது கதவைச் சாத்துகிற பழக்கத்தை. குளிர்காலத்தில் ஆள் வராது என்று 1987 முதல் ஆண்டில் ஏறக்குறைய பாதியை மூடியே கழித்தார்கள். பிறகு அந்த ஓய்வு மாதங்கள்தான் அவர்களுடைய பொற்காலமாயின. பார்சிலோனாவில் ஒரு பட்டறை போட்டு, ஃபெர்ரானும் தம்பி ஆல்பர்ட்டும் ஓரியோல் காஸ்ட்ரோவும் அடுத்த பருவத்துக்கான உணவுகளைத் தேடினார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, படமெடுத்து, எழுதிவைத்தார்கள். கூட்டம் முட்டி மோதுகிறதே என்று விலையை வானத்துக்கு ஏற்றவும் இல்லை. உணவகமும் பட்டறையும் சேர்ந்து வருஷத்துக்கு 5 லட்சம் யூரோ நஷ்டம் என்று அட்ரியாவே சொன்னார். புத்தகங்களும் ஆலோசனைப் பணிகளும்தான் வீட்டைத் தாங்கின.

ஆகவே மூடப்போகிறோம் என்று 2010 ஜனவரியில் அவர் அறிவித்தபோது உலகம் அதிர்ந்ததே தவிர, எனக்கு அது இந்த வீட்டின் சுபாவமாகத்தான் படுகிறது. நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேர உழைப்பில் எல்லோரும் களைத்திருந்தார்கள். புதிதாக யோசிக்க மறுபடி அவகாசம் வேண்டியிருந்தது.

2011 ஜூலை 30, கடைசி இரவு. ஒரு காலத்தில் இங்கே வேலை பழகி, பிறகு தங்கள் ஊர்களில் பேர் வாங்கிய ரெனே ரெட்செப்பி, ஹோசே ஆந்த்ரேஸ் போன்றவர்கள் அடுப்படிக்குத் திரும்பி வந்து நின்றார்கள். கடைசித் தட்டு பீச் மெல்பா. ஏன் அது? எல் புல்லியின் பட்டியலில் அது 1,846-வது உணவு. அந்த இனிப்பை உருவாக்கிய எஸ்கோஃபியே பிறந்த ஆண்டும் 1846! கணக்குப் பார்த்து அந்த எண்ணில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது சிலிர்த்துவிட்டது.

சோலேர் 2015-ல் காலமானார். அதே வீடு 2023-ல் எல் புல்லி 1846 என்ற அருங்காட்சியகமாகத் திறந்தது. சாப்பாடு கிடையாது. ஆனால் 20 லட்சம் பேர் ஏங்கிய அந்த அடுப்படிக்குள் இப்போது டிக்கெட் வாங்கி யாரும் போகலாம். சாப்பிட்டே ஆகவேண்டும் என்றால் பார்சிலோனாவுக்குப் போங்கள். காஸ்ட்ரோவும் இங்கே கூட இருந்த இரண்டு நண்பர்களும் 2014-ல் தொடங்கிய டிஸ்ஃப்ருதார் உணவகம் அங்கே இருக்கிறது. 2024-ல் உலகின் முதலிடம் அதற்குத்தான்.